மூன்றாம் இடத்துத் தண்ணீர்

செப்டம்பர் 7, ஞாயிறு

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். அழகுக்காக ஒன்றைச் சேர்க்கவும் மாட்டேன், வெட்கப்பட்டு ஒன்றை விடவும் மாட்டேன். நஸ்ரின் அக்கா அப்படித்தான் சொன்னார். "ஓடையில இறங்குறவங்க பார்த்ததை எல்லாம் எழுதணும். இன்னைக்கு ஒண்ணுமில்லைன்னு தோணுறதுதான் பின்னாடி தேவைப்படும்."

நஸ்ரின் அக்கா சென்னையில் ஆராய்ச்சி செய்பவர். எங்கள் அறிவியல் ஆசிரியை ஜெசிந்தா டீச்சரிடம் பேசி, மயிலோடையை ஆராய எங்கள் பள்ளிக்கு வந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை வகுப்பில் விளக்கினார். தண்ணீரில் இருக்கும், தண்ணீரைத் தொட்டுப் போகும் ஒவ்வொரு உயிரும் கொஞ்சம் தோல், கொஞ்சம் வழவழப்பு, எச்சில், சாணம் என்று எதையாவது விட்டுவிட்டுத்தான் போகும். அதில் அதன் டி.என்.ஏ. இருக்கும். தண்ணீரை வடிகட்டி, வடிகட்டியில் ஒட்டியதை ஆய்வுக்கூடத்தில் படித்தால் அங்கே என்னென்ன வாழ்கிறது என்று சொல்லிவிடலாம். வலை வேண்டாம், தூண்டில் வேண்டாம், கண்ணால் பார்க்கவும் வேண்டாம்.

ஜெபராணி எழுந்து, "அப்ப நாங்க குளிச்சதும் தெரிஞ்சிருமாக்கா?" என்று கேட்டாள்.

"தெரியும். மனுஷன், மாடு, கோழி மூணும் எங்க போனாலும் முதல் ஆளா வந்து நிக்கும்."

வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தேன். அதனால்தானோ என்னவோ மாதிரி எடுக்கும் வேலைக்கு என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஜெபராணியை என் துணைக்கு.

மலையடிவாரத்துக் காட்டுக் கேட், படித்துறை, ரோட்டுப் பாலம், ஊர்க்குளம் என்று மேலிருந்து கீழாக நான்கு இடங்கள் குறித்திருந்தார்கள். எங்கள் தோட்டத்துக்குப் பின்னாலும் ஓடை போகிறது, அங்கேயும் எடுக்கலாமா என்று கேட்டேன். ஒரு வடிகட்டி கூடுதலாக இருக்கிறது என்றார் அக்கா. படித்துறைக்கும் பாலத்துக்கும் நடுவில் வருவதால் எங்கள் இடத்துக்கு மூன்று என்று எண் கொடுத்தார். சந்தோஷத்தில் வீட்டுக்கு ஓடியே வந்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

நூலகத்தில் மீன்கள் பற்றிய புத்தகம் எடுத்தேன். அயிரை, ஆரல், கெண்டை, குரவை, விரால். படங்களை மூடி வைத்துக்கொண்டு மீசை, செதில், வால் எல்லாம் ஒப்பித்தேன். அம்மா, "ஏ பிள்ள, மீனத் திங்கவா போற, கல்யாணம் பண்ணவா போற?" என்றாள்.

அரிசி புடைத்தேன். சட்டைக்குப் பொத்தான் தைத்தேன்.

செப்டம்பர் 13, சனி

இன்று மாதிரி எடுத்தோம்.

அப்பா விடிந்ததும் அரிவாளோடு போய் மூன்றாம் இடத்துக்குப் போகிற வழியில் சீமைக்கருவையை வெட்டி ஒதுக்கி வைத்திருந்தார். "டீச்சரம்மா காலுல முள்ளு குத்தப்பிடாதுல்லா" என்றார். நாங்கள் இறங்கியதும் கரையில் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தார்.

"மீனு எங்க?"

"மீன் வேண்டாம்ப்பா. தண்ணி போதும்."

"அப்ப இந்த ஊருல வலை வெச்சிருக்கவன்லாம் கிறுக்கன்" என்று சிரித்தார். நஸ்ரின் அக்காவும் சிரித்தார். மேல் இரண்டு இடங்களை அவர் கூடவே நின்று செய்துகாட்டியிருந்தார். இங்கே எங்கள் இருவரையும் விட்டுவிட்டு, அடுத்து பாலத்தில் எங்கே இறங்குவது என்று பார்க்க டீச்சரோடு போனார்.

செய்த முறை: கையுறை போட்டோம். ஓடையின் மேல்பக்கம் பார்த்து நின்றோம், நம் கால் கலக்கும் சேறு மாதிரியில் சேராமல் இருக்க. உறை பிரிக்காத புதுப் பையில் தண்ணீர் மொண்டேன். பெரிய ஊசிக்குழலில் உறிஞ்சி, வட்டமான வடிகட்டி வழியாக அழுத்தினேன். காட்டுக் கேட்டில் தண்ணீர் தானாக இறங்கிப் போனது. இங்கே கொஞ்சத்திலேயே அடைத்துக்கொண்டது. உள்ளங்கை வலித்தது. பிறகு கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீரை அதே முறையில் இன்னொரு வடிகட்டியில் விட்டேன். இதற்கு வெற்று மாதிரி என்று பெயர். நம் கையிலோ பையிலோ அழுக்கு இருந்தால் அது இதில் வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லாம் முடிந்து ஐஸ் பெட்டியில் அடுக்கும்போது, "நீ இதுக்குன்னே பிறந்திருக்க போல" என்றார் அக்கா. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. சொன்னதால் எழுதுகிறேன்.

இன்னொன்று. எங்கள் விரால் குட்டையின் பழைய தண்ணீரை வெளியேற்றும் குழாய், மூன்றாம் இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடையில் வந்து முடிகிறது. இன்று அது திறந்திருக்கவில்லை, வாயில் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

குட்டையைப் பற்றியும் எழுதவேண்டும். காற்றில் வாழை முழுவதும் சாய்ந்த வருஷத்துக்குப் பிறகு அப்பா தோட்டத்தில் இரண்டு குட்டை வெட்டினார். பக்கத்தில் குஞ்சுகளுக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி. சுற்றிலும் பச்சை வலை கட்டியிருக்கிறார். மாலையில் டவுனிலிருந்து வேன் வந்து நீல டிரம்களை இறக்கும். அதில் கோழிக்கடைக் கழிவு. அதைப் போட்டால் தண்ணீர் கொதிப்பதுபோல் புரளும். அந்த நேரம் அம்மா வீட்டுக்குள் சாம்பிராணி போடுவாள். எங்கள் வீட்டுக்கு மேலே எப்போதும் பருந்து சுற்றும். "ஒங்க வீட்டுக்கு வழியே கேக்க வேண்டாம்ட்டி, பருந்தப் பாத்து வந்துறலாம்" என்பாள் ஜெபராணி.

இன்று தீனி போடும்போது பார்த்தேன். ஒரு மீன் தலையைத் தூக்கி வாயைத் திறந்தது. அகலமான தலை. மீசை இருந்ததுபோல் தெரிந்தது. விராலுக்கு மீசை கிடையாது. பொழுது சாய்ந்துவிட்டிருந்ததால் சரியாகத் தெரியவில்லை.

அம்மா சைக்கிள் மீன்காரரிடம் சாளை வாங்கிக் குழம்பு வைத்தாள். எங்கள் குட்டை மீனை நாங்கள் சமைப்பதில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

முடிவு வரவில்லை. துணி துவைத்தேன்.

அக்டோபர் 8, புதன்

டீக்கடையில் அப்பா என்னைப் பற்றிப் பேசியதாக ஜெபராணியின் அப்பா வந்து சொன்னார். "எம்மவ தண்ணிய வெச்சே உள்ள என்ன கெடக்குன்னு சொல்லிருவா. படிப்புன்னா அது படிப்பு" என்றாராம். கடையில் இருந்தவர் ஒருவர் தன் டீ கிளாஸைக் காட்டி, "அப்ப இதுல பாலு இருக்கான்னு கேட்டுச் சொல்லும்வே" என்றாராம். எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அக்டோபர் 24, வெள்ளி

எழுத மனம் வரவில்லை. ஆனாலும் ஒழுங்காக எழுதுவேன்.

மாலையில் நஸ்ரின் அக்கா மடிக்கணினியோடு வந்தார். ஆய்வகத்தில் டீச்சர், அக்கா, நான், ஜெபராணி. முதல் இடத்தில் நீர்நாய் இருக்கிறது. எங்கள் ஓடையில், யாரும் பார்த்திராத நீர்நாய். மிளா மான் தண்ணீர் குடித்துப் போயிருக்கிறது. அயிரை, ஆரல், பெயரே தெரியாத ஒரு தவளை. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இரண்டாம் இடத்தில் மனிதர், எருமை, நாய் எல்லாம் இருந்தும், அயிரையும் ஆரலும் பிழைத்துக் கிடக்கின்றன.

மூன்றாம் இடத்துக்கு வந்ததும் அக்கா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கோழி அளவுக்கு மீறி இருந்தது. அயிரை இல்லை, ஆரல் இல்லை. ஒரே ஒரு மீனின் பெயர் இருந்தது.

"ஆப்பிரிக்கக் கெளுத்தி" என்றார். "இது இங்க வரவே கூடாது. வளர்க்கவே தடை. ஓடைக்குள்ள புகுந்தா குஞ்சு, முட்டை, தவளை எதையும் விடாது. தண்ணி வத்தினாலும் சாகாது, ஈரத்துல ஊர்ந்து அடுத்த தண்ணிக்குப் போயிடும். இது இறங்கின இடத்துல அயிரையைத் தேட வேண்டியதில்லை."

"பாலத்துல இருக்கா?" என்றார் டீச்சர்.

"இல்லை. பாலத்துல கொஞ்சம் அயிரைகூட இருக்கு. அதனால இது இன்னும் ஓடைக்குள்ள வரலைன்னு நினைக்கிறேன். எங்கேயோ குட்டையில இருந்து தண்ணி மட்டும் கசியுது. இப்பவே பிடிச்சா நிறுத்திடலாம்." அக்கா என் பக்கம் திரும்பினார். "மூணாம் இடத்துக்கு மேல யாராவது மீன் வளர்க்கிறாங்களா ஆவுடை?"

நான் சொன்னது இது:

"அக்கா, அன்னைக்கு பை கிழிஞ்சு போச்சு. வீட்டுல இருந்து வாளி எடுத்துட்டு வந்து மொண்டேன். அது அம்மா சந்தையில வாங்குன மீனக் கழுவுற வாளி."

அக்கா திரையை மறுபடி பார்த்தார். சந்தையில் இந்த மீனை வேறு பெயரில் விற்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். "வெற்று மாதிரிக்கும் அதே வாளிதானா?"

ஆமாம் என்றால் வெற்று மாதிரியிலும் அந்த மீன் வந்திருக்கவேண்டும். அது சுத்தமாக இருந்ததைத் திரையில் பார்த்திருந்தேன். "இல்லக்கா" என்றேன்.

"ஒன்னைப் போய் நம்பி விட்டேனே" என்றார் டீச்சர். அதட்டவில்லை. அதட்டியிருக்கலாம்.

"சரி, மூணாம் இடத்தைக் கணக்குல சேர்க்க வேண்டாம். மழை விட்டதும் மறுபடி எடுப்போம்" என்று அக்கா எதையோ தட்டெழுதினார்.

திரும்பி வரும் வழியில் ஜெபராணி பாலம் வரை முன்னால் நடந்தாள். பிறகு, "எந்த வாளிட்டி?" என்றாள்.

"பச்ச வாளி."

"நான் பக்கத்துலதான நின்னேன். பையி கிழியவே இல்லையே."

"நீ பாக்கல."

"பாத்தேன்." கொஞ்ச தூரம் நடந்தாள். "சரி, கிழிஞ்சிது. போதுமா? அழாத, ரோட்டுல எல்லாரும் பாக்காவ."

நான் அழவில்லை. மழைத் தூறல் இருந்தது.

அக்டோபர் 25, சனி

அப்பா வலை பின்னிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"முடிவு வந்துட்டாமே. நம்ம இடத்துல என்ன இருக்காம்?"

"நம்ம இடத்துத் தண்ணி சரியா வரலப்பா. மழை விட்டதும் மறுபடி எடுக்க வாறாவ."

அப்பாவின் கை நின்றது. பிறகு மறுபடி பின்னியது. "அந்தத் தண்ணிய வெச்சு எல்லாமே தெரிஞ்சிருமோ? ஓடையில இல்லாத மீனுகூடவா?"

நான் அப்பாவிடம் இவ்வளவு நேரம் பேசியதே இல்லை. அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார், நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மீன் ஓடைக்குள் இருக்கவேண்டியதில்லை, அது நின்ற தண்ணீர் வந்து கலந்தாலே போதும் என்றேன். நல்ல மாணவன்போல் தலையாட்டிக் கேட்டார்.

"மீன வேற எங்கயாச்சும் கொண்டுபோயிட்டா? அப்பவும் தெரியுமா?"

"கொஞ்ச நாள் தெரியும். பொறவு வெயில்லயும் தண்ணியிலயும் கரைஞ்சு மறைஞ்சிரும்."

"மழத்தண்ணி ஓங்கி வந்தா?"

"சீக்கிரம் மறைஞ்சிரும்."

"ம்" என்றார். என் தலையைத் தடவினார். "எம்புட்டு விசயம் தெரிஞ்சு வெச்சிருக்கா எந்தாயி."

குட்டையில் இருப்பது விரால்தானே என்று கேட்கத்தான் போனேன். கேட்கவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

நல்ல மழை. பள்ளி விடுமுறை. வாளியைப் பற்றி யோசிக்காமல் இருக்க அலமாரி முழுவதையும் துடைத்தேன்.

அக்டோபர் 29, புதன்

காலையில் எழுந்தபோது மழை விட்டிருந்தது. பருந்துகளைக் காணவில்லை. தோட்டத்துக்குப் போனேன். குட்டை இரண்டும் காலி. அடியில் சேறும் கோழி இறகும். ஓடைப் பக்கத்துக் கரை மண்வெட்டியால் வெட்டித் திறந்து கிடந்தது.

அப்பா காலில் சேற்றோடு அடுப்படியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். "எல்லாத்தையும் வித்துட்டேன். கேரளா லாரி வந்துச்சு" என்றார்.

அம்மா என்னைப் பார்க்காமல் தோசையைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். அது கருகிவிட்டது.

வாசலில் ஈரமண்ணில் அப்பாவின் செருப்புத் தடம் இருந்தது. மாட்டின் குளம்பு இருந்தது. டயர்த் தடம் இல்லை.

நவம்பர் 1, சனி

பாலத்தில் திருவிழாபோல் கூட்டம். ஓடையில் மீன் வந்திருக்கிறது என்று ஊரே இறங்கிவிட்டது. துண்டால் அள்ளுகிறார்கள், கூடையால் அமுக்குகிறார்கள். தபால்காரர் பைக்கை நிறுத்திவிட்டு வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கினார். கை நீளத்துக்கு, கறுப்பாக, மீசையோடு. பகலில், பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மீசை இருக்கிறது.

"மலையில இருந்து அடிச்சிட்டு வந்துருக்கு."

"எந்த மலையில ஓய் கெளுத்தி காய்க்கி?"

"காய்ச்சா என்ன பழுத்தா என்ன. கொழம்புல கெடந்தாச் சரி."

பின்வீட்டு மரியபுஷ்பம் சித்தி ஒரு கிண்ணம் நிறையக் குழம்பு கொடுத்துவிட்டார். "நீங்களும் கொம்பையா அண்ணனும் மட்டும் வராம இருக்கியளே, சும்மா கெடைக்க மீனுலா" என்றார். அம்மா வாங்கி, சிரித்து, நன்றி சொன்னாள். அவர் போனதும் தென்னை மரத்தடியில் ஊற்றிவிட்டு, கிண்ணத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். வெகு நேரம் தேய்த்தாள்.

நவம்பர் 2, ஞாயிறு

பிடிக்க முடியுமா என்று பார்த்தோம்.

ஜெபராணி அவள் வீட்டுக் கொசுவலையைக் கொண்டுவந்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. படித்துறைக்குக் கீழே குறுக்காகப் பிடித்து நின்றோம். சில மாட்டின. சில வலையைக் கிழித்துக்கொண்டு போயின. பிடித்ததைத் தண்ணீர் இல்லாத தகர டின்னில் போட்டு மூடினோம். பிறகு மறுபடி நின்றோம். நாங்கள் ஒன்று பிடிக்கும்போது காலுக்கு நடுவில் நான்கு போவது தெரிந்தது. இடுப்பு வரை நனைந்து, பல் தந்தியடிக்கும்வரை நின்றோம்.

"ஏட்டி, இது முடியாத காரியம்" என்றாள் ஜெபராணி.

"இன்னும் கொஞ்ச நேரம்."

"கொசுவலைக்கு எங்கம்மா என்னத் தோலை உரிச்சிருவா."

வலையில் ஒரு சின்ன ஆரல் கிடந்தது. பாதி உடம்பு இல்லை.

பள்ளிக்கூடப் பை தைக்கும் ஊசியால் கொசுவலையைத் தைத்துக் கொடுத்தேன். பொழுது அடைந்தபின் டின்னைத் திறந்து பார்த்தேன். எல்லாம் உயிரோடு இருந்தன. தண்ணீர் இல்லாமல் வாயைத் திறந்து மூடிக்கொண்டு. என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி மூடினேன்.

நவம்பர் 3, திங்கள்

காலையிலும் உயிரோடு இருந்தன.

நவம்பர் 15, சனி

நஸ்ரின் அக்கா வந்தார். பாலத்தில் நின்று கீழே பார்த்தார். ஐஸ் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்கு வடிகட்டி எதுக்கு" என்றார். ஆனாலும் எடுத்தோம். ஐந்து இடத்திலும். பையை நான் தொடவில்லை. டீச்சர் ஜெபராணியிடம் கொடுத்தார். நான் பெயர்ச்சீட்டு எழுதினேன்.

மூன்றாம் இடத்தில் அக்கா நிமிர்ந்து எங்கள் தோட்டத்துப் பச்சை வலையைப் பார்த்தார். காலிக் குட்டை தெரிந்திருக்கும். அப்பா கரைமேல் நின்று, "இளநி வெட்டவா டீச்சரம்மா?" என்று கேட்டார். வேண்டாம் என்றார்கள்.

திரும்பும்போது அக்கா என்னோடு நடந்தார். "எங்கிருந்து வந்திருக்கும் ஆவுடை?"

"தெரியலக்கா."

"உன் வெற்று மாதிரி மற்ற எல்லாத்தையும்விடச் சுத்தமா இருந்துச்சு. அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்யுற பிள்ளை மீன் வாளியில மொள்ளுமான்னு நான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன்."

நான் தரையைப் பார்த்து நடந்தேன்.

"ஓடையில போனதை இனி யாராலும் திருப்பி எடுக்க முடியாது. இடம் தெரிஞ்சா, மிச்சம் இருந்தா அதையாவது அங்கேயே நிறுத்தலாம். ஆனா நானா போய் யார் மேலயும் கைநீட்ட மாட்டேன். கையில ஆதாரம் இல்லை. இருந்த ஒரே மாதிரி கெட்டுப்போச்சு." அக்கா கோபமாகப் பேசவில்லை. களைப்பாகப் பேசினார்.

நீர்நாய் என்ன ஆகும் என்று கேட்டேன். அது இந்த மீனையும் தின்னும் என்றார். "அயிரைக்கு அப்படி ஒரு வழி இல்லை."

நவம்பர் 23, ஞாயிறு

கீற்று எடுக்கப் போனேன். சிமெண்டுத் தொட்டியின்மேல் நிறைய கீற்று அடுக்கியிருந்தது. ஒன்றை இழுத்தேன். உள்ளே விரல் நீளத்தில் ஆயிரக்கணக்கில் நெளிந்துகொண்டிருந்தன. குஞ்சு மீன்கள். அவற்றுக்கும் மீசை.

அப்பா பின்னால் வந்து நின்றார். நான் திரும்பவில்லை.

"குட்டைக் கரையக் கட்டிட்டு, தை பொறந்ததும் விட்டுறலாம்" என்றார்.

"அப்பா, இது தடை பண்ணுன மீனு."

சொல்லிவிட்டேன். முதல் முறையாக.

"தெரியும்" என்றார். "ஊருல பாதிப்பேருக்குத் தெரியும். வாழை பூரா சாஞ்சு கெடந்தப்ப எவன் வந்து எட்டிப் பாத்தான்? இது வந்த பொறவுதான் ஒங்கம்மா அடுப்பு அணையாம எரியுது." கீற்றை மறுபடி இழுத்து மூடினார். "அதுவும் இல்லாம, இப்பத்தான் ஓடை பூராவும் கெடக்கே. இனி எந்தத் தண்ணிய எடுத்துப் பாத்தாலும் இது இருக்கும். எவன் வந்து நம்மளக் கேப்பான்?"

அப்பா சொன்னது சரி. தண்ணீர் இனி யாரையும் காட்டாது.

"நீ படிக்க பிள்ள. இதெல்லாம் மனசுல போட்டுக்காத" என்று அரிவாளை எடுத்துக்கொண்டு போனார்.

நவம்பர் 24, திங்கள்

கணக்குத் தேர்வு. சுமார்.

டிசம்பர் 4, வியாழன்

அடுத்த வெள்ளிக்கிழமை அறிவியல் மன்ற விழா. பெற்றோர்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள். நஸ்ரின் அக்கா வருகிறார். ஓடை ஆய்வைப் பற்றிப் படம் காட்டப்போகிறோம். புது மாதிரிகளின் முடிவு வரவில்லை, ஆனால் மீனைத்தான் ஊரே பார்த்தாயிற்றே.

ஜெசிந்தா டீச்சர் என்னை முதலில் பேசச் சொல்லியிருக்கிறார். தாளில் எழுதியே கொடுத்துவிட்டார். "மூன்றாம் இடத்தில் நான் செய்த கவனக்குறைவால் ஒரு மாதிரி வீணாகிவிட்டது. ஆராய்ச்சியில் ஒரு சிறு தவறும் பெரும் இழப்பைத் தரும்." சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு இது பாடமாக இருக்கும், எனக்கும் மனப்பாரம் குறையும் என்றார். டீச்சர் நல்லவர். என்னைத் திரும்ப மேடையேற்றத்தான் இப்படிச் செய்கிறார் என்று தெரிகிறது.

வாளியைப் பற்றி அப்பாவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. அம்மாவுக்கும் தெரியாது. நான் பொய் சொன்னதும் தெரியாது, எதற்காகச் சொன்னேன் என்பதும் தெரியாது. நான் பேசப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"நான் வரலாம்லா?" என்று கேட்டார் அப்பா. அவர் என் பள்ளிக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.

டிசம்பர் 10, புதன்

அப்பா குட்டைக் கரையைக் கட்டி முடித்துவிட்டார். மோட்டார் போட்டுத் தண்ணீர் விடுகிறார்.

தாளை மனப்பாடம் செய்துவிட்டேன். கண்ணை மூடினாலும் வருகிறது.

டிசம்பர் 11, வியாழன்

நான் உண்மையைச் சொன்னால் அதிகாரிகள் வருவார்கள். மருந்து ஊற்றிக் குஞ்சுகளைக் கொன்று குழி தோண்டிப் புதைப்பார்கள். அப்பாவை என்ன செய்வார்கள் என்று தெரியாது. ஓடையில் இருக்கும் மீன் ஓடையில்தான் இருக்கும். அயிரை வராது.

சொல்லாவிட்டால் தை மாதம் தொட்டி குட்டைக்குப் போகும். அடுத்த மழைக்குக் குட்டை ஓடைக்குப் போகும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அயிரை இல்லை.

டிசம்பர் 12, வெள்ளி

விழா முடிந்து வந்ததும் எழுதுகிறேன்.

அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கல்யாணத்துக்குப் போடும் சட்டை. மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜெபராணியின் அப்பா. நான் மேடைக்குப் போகும்போது அப்பா அவரை முழங்கையால் இடித்து என்னைக் காட்டினார். நஸ்ரின் அக்கா முன்வரிசையில் மடியில் குறிப்பேட்டோடு இருந்தார்.

மைக் எனக்கு உயரமாக இருந்தது. ஜெபராணி வந்து இறக்கிவிட்டாள். போகும்போது என் காதில், "கிழிஞ்சிதுன்னே சொல்லிரு" என்றாள்.

தாளைப் பார்த்தேன். வணக்கம் என்றேன். பிறகு தாளில் இல்லாததைச் சொன்னேன்.

"மூணாம் இடத்துல வாளி கிடையாது. நான் புதுப் பையிலதான் மொண்டேன். பை கிழியல. அந்தத் தண்ணி சரியான தண்ணி. அதுல வந்தது அங்க இருந்துதான் வந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னேன். தாளை மடித்தேன். மைக் ஒருமுறை கீச்சென்றது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர், நான் பயத்தில் பாடத்தை மறந்து உளறுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். பரவாயில்லை என்பதுபோல் கையை அசைத்தார். ஜெபராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

நஸ்ரின் அக்கா எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். என்னை நிமிர்ந்து பார்த்தார். குறிப்பேட்டைப் பின்னால் புரட்டி, பழைய பக்கம் ஒன்றை எடுத்து, அதில் ஏதோ எழுதினார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவருக்கு எந்த வாளி, எந்தப் பை என்று ஒன்றும் புரிந்திருக்காது. மகள் மைக்கில் பேசினாள், முடித்துவிட்டாள். யாரும் கைதட்டாததைப் பார்த்து அவரே தட்ட ஆரம்பித்தார். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பலமாகத் தட்டினார். ஜெபராணியின் அப்பா சேர்ந்துகொண்டார். பிறகு அந்த வரிசை, பிறகு எல்லாரும். நஸ்ரின் அக்கா மட்டும் தட்டவில்லை.

நான் மேடையைவிட்டு இறங்கவில்லை. இறங்கவேண்டும் என்று தோன்றவில்லை. அப்பா இன்னும் தட்டிக்கொண்டிருந்தபோதே டீச்சர் பின்னால் திரும்பி, "முதல் படத்தப் போடுங்கம்மா" என்றார். திரையில் நன்றாகத் தெரியவேண்டும் என்று ஜன்னல்களைச் சாத்தி, விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டார்கள்.